கோலி

ஏழாம் வகுப்பு ஆ பிரிவு.
இருபத்தொன்பது பேர், ஒரு மின்விசிறி;
அதுவும் மனசு வைத்தால்தான் சுற்றும்.
கீழே தாராவி கிராஸ் ரோட்டில் தோல் காயும் வாசனை
செய்யுள் பகுதிக்கு முன்பே மூன்று மாடி ஏறி வந்து
முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிடும்.

பக்கம் நாற்பத்தொன்றில் ஒரு மலை, ஓர் அருவி,
அருவியை முத்துமாலை என்கிற ஓர் உவமை.
அருவி பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன்.
சுடலைமணி மட்டும் தூக்கினான்.
"போன மழைக்கு எங்க மாலாவுல இருந்து
மோரி வரைக்கும் விழுந்துச்சு டீச்சர்."
வகுப்பே சிரித்தது. நானும்.
சிரித்து முடித்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பி
முத்துமாலை என்று எழுதினேன்.

மதுரையில் முதுகலை படித்தவள் நான்.
வல்லினம் மிகும் இடம், மிகா இடம்
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

என் வீடு, நான்கு வரிகள், என்று ஒருநாள் எழுதச் சொன்னேன்.
பேச்சிக்கனி,
பெயரில் மட்டும் பேச்சை வைத்திருப்பவள்,
எழுதிக் கொடுத்தாள்:

எங்க கோலியில ஆறு பேரு.
அப்பா நைட் ஷிஃப்ட் போனா அஞ்சு.
அப்பா படுக்குற எடத்துல நான் காலை நீட்டுவேன்.
விடிஞ்சா மடக்கிருவேன்.

சிவப்பு மையைத் திறந்தேன்.
கோலியில என்பதை அடித்து அறையில் என்று எழுதினேன்.
பேருவின் வாலை நறுக்கினேன்.
இரவுப் பணி. இடத்தில். மடக்கிவிடுவேன்.
பத்துக்கு மூன்று.

நோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டாள்.
"அறைன்னா கன்னத்துல விடுறதுதான டீச்சர்?
எங்க வீட்ல யாரும் அறைய மாட்டாங்க."

அன்று சாயங்காலம் சயான் ஸ்டேஷனில்
மூன்றாவது லோக்கலையும் விட்டுவிட்டு நின்றிருந்தேன்.
கோலி என்றால் என் ஊரில் கண்ணாடிக் குண்டு,
உள்ளே பச்சை நரம்பு ஓடும்.
அதற்குள் ஆறு பேர்.
ஒருவர் வேலைக்குக் கிளம்ப
ஒருத்தி கால் நீட்டுகிறாள்.
குண்டு உருளவே இல்லை.
என் அகராதியில் இந்தக் கோலிக்கு இடம் கிடையாது.
இடமில்லாமல் இருப்பது அதற்குப் புதிதுமில்லை.

மார்ச்சில் தணிக்கைக்கு ஷிர்கே சாகேப் வந்தார்.
தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத மனிதர்.
தமிழ் மீடியத்தில் தலைகள் குறைகின்றனவா
என்று எண்ணிப் பார்க்க வந்தவர்.
எண்ணி முடித்ததும், மரியாதைக்கு,
யாராவது ஏதாவது படிக்கட்டும் என்றார்.
நான் கண்ணால் பக்கம் நாற்பத்தொன்றைக் காட்டினேன்.
பேச்சிக்கனி தன் நோட்டைத் திறந்தாள்.
என் சிவப்பை ஒவ்வொன்றாகத் தாண்டி
கீழே கிடந்த தன் சொல்லையே படித்தாள்.

புரியாத பாட்டுக்குத் தலையாட்டுவது போல
ஆட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.
"கோலி?"
இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்: இவ்வளவா?
அவள் இல்லையென்று தன் கைகளைக் குறுக்கினாள்.
அவர் தன்னுடையதைக் குறுக்கினார்.
இன்னும், என்றாள் அவள்.
அளவு சரியாகும் வரை வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.
பரளில் தங்கள் கோலியில் ஒன்பது பேர் என்று
மராத்தியில் சொன்னார்;
யாரும் மொழிபெயர்க்கவில்லை.
பதிவேட்டில் இருபத்தொன்பது என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்தப் பத்துக்கு மூன்றை நான் இன்னும் மாற்றவில்லை.
சிவப்பின் மேல் எந்த நிறத்தில் எழுதுவது?

இன்று கரும்பலகையில் மாலா, மோரி, கோலி.
சுடலைமணி எழுந்து நிற்கிறான்.
"கோலி கதவா, கோலிக் கதவா டீச்சர்?
நடுவுல க் வருமா?"
இதை எந்த இலக்கண நூலில் போய்த் தேடுவேன்.
வரும், என்றேன்.

தலையில் புள்ளியோடு ஒரு க்
ஏழாவது ஆளாக
காலை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தது.